துன்பகாலத்திற் கிறிஸ்தவ நம்பிக்கை: யமேக்கா அடிமைகளின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவம் துன்புறுவோருக்கு அளிக்கும் நம்பிக்கையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒரு சாரார் அதனைத் துயர் துடைக்கும் மருந்து என்பர். மறுசாரார், இவ்வுலகிற் பெறவேண்டியதை மறுவுலகிற் பெறலாமெனக் கூறி உழைப்பாளியை உறங்கவைக்கும் மயக்கம் என்பர். பின்னவர் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, 1844 இல் வெளியான கார்ல் மார்க்சின் கட்டுரையொன்றில் வரும் அபின் உவமையையே. சமயத்தில் வெளிப்படும் துயரம் உண்மையான துயரத்தின் வெளிப்பாடாக மட்டுமன்றி, அதற்கெதிரான கண்டனமாகவும் அமைகின்றது என்ற கருத்து அதே பந்தியிலேயே இருப்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலர். மயக்கமும் கண்டனமும் ஒரே நம்பிக்கைக்குள் உறைவது எங்ஙனம்? எந்தச் சூழலில் எது மேலெழுகின்றது? இவ்வினாக்களைப் பொதுப்பட விவாதிப்பதிலும் பார்க்க, ஒரு குறித்த வரலாற்று நிகழ்வில் வைத்து நோக்குவது பயனுடைத்து. பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த யமேக்காத் தீவில், 1831 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் நிகழ்ந்த அடிமைகளின் எழுச்சியை நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலிற் சொற்களைக் கவனித்தல் வேண்டும். லூக்கா, மத்தேயு சுவிசேஷங்களிற் காணப்படும் மலைப்பொழிவுப் பகுதிகளில் ஏழைகளையும் துயருறுவோரையும் குறிக்க வரும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'பாக்கியவான்கள்' என மொழிபெயர்த்தது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பேறுபெற்றோர்' என்றது. தமிழ் வழக்கில் 'பாக்கியம்' என்ற சொல் ஊழோடும் தலைவிதியோடும் ஒட்டிக்கொண்டது. ஆயினும் அதன் வடமொழி வேர் 'பங்கு' என்ற பொருளைத் தருவது. பங்கு எனின், பகிர்ந்தளிப்பவர் யார், பங்கு மறுக்கப்பட்டவர் யார் என்ற வினாக்கள் தாமே எழும். 'ஆசீர்வாதம்' என்பதும் அவ்வாறே. பழைய ஏற்பாட்டில் அச்சொல் உள்ளத்து அமைதியை மட்டும் குறிப்பதன்று; மழை, விளைச்சல், மக்கட்பேறு, அந்நியர் பறிக்கவியலாத நிலம் ஆகியனவே அங்கு ஆசீர்வாதம். அதனை முற்றிலும் அகவயமான ஒன்றாகக் கொள்வது பிற்கால வழக்கு எனலாம்.

இரு சுவிசேஷங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மத்தேயு 'ஆவியில்' எளிமையுள்ளோரைக் கூற, லூக்கா அடைமொழியின்றி ஏழைகளையே கூறுகிறார்; அதனோடமையாது, செல்வர்களுக்கும் உண்டு நிறைந்தோருக்கும் ஐயோ கேடு என்ற எச்சரிக்கையையும் உடன்வைக்கிறார். இன்னுமொன்று: லூக்காவில் இறையரசு ஏழைகளுடையது என்பது நிகழ்காலத்திற் சொல்லப்பட, பசித்தோர் நிறைவடைதல் எதிர்காலத்திற் சொல்லப்படுகின்றது. உரிமை இப்பொழுதே உண்டு. அது கைக்கு வந்துசேரவில்லை. இலக்கண நுட்பம் போலத் தோன்றும் இவ்விடைவெளியிலேயே நாம் ஆராயும் நம்பிக்கை குடியிருக்கின்றது.

இந்நம்பிக்கையின் ஆற்றலை ஆளும் வர்க்கத்தினர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1807 இல் இலண்டனில், பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள நீக்ரோ அடிமைகளின் உபயோகத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வேதாகமப் பகுதிகள் நூலாக அச்சிடப்பட்டன. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அந்நூலில் இருந்தவையோ 232 மட்டுமே. எகிப்தில் அடிமையாயிருந்து எசமானுக்கு உண்மையாக உழைத்து உயர்வு பெற்ற யோசேப்பின் கதை உண்டு. அதே எகிப்திலிருந்து மோசே அடிமைகளை வெளியே நடத்திச்சென்ற கதை இல்லை. வேலைக்காரர் எசமானர்க்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்னும் எபேசியர் நிருபப் பகுதி உண்டு. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமையில்லை என்னும் கலாத்தியர் நிருபப் பகுதி இல்லை. ஒடுக்கப்பட்டோரின் முறைப்பாடுகள் நிறைந்த சங்கீதங்கள் முழுவதும், பேரரசின் வீழ்ச்சியைப் பாடும் வெளிப்படுத்தின விசேஷம் முழுவதும் விலக்கப்பட்டன. எயிற்றியில் அடிமைகள் போராடித் தம் குடியரசை நிறுவி அப்பொழுது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. கிறிஸ்தவ நம்பிக்கை இயல்பாகவே அடங்கிப்போகும் மனப்பான்மையை வளர்ப்பதாயின், வேதாகமத்தைக் கத்தரிக்க வேண்டிய தேவை என்ன? சமயத்தை வெறும் மயக்கமருந்தாகக் கருதும் நண்பர்கள் இவ்வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும்.

யமேக்காவில் அடிமைகளிடையே கிறிஸ்தவத்தை முதன்முதல் வேரூன்றச் செய்தவர்கள் வெள்ளையரான மிசனரிமார் அல்லர். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று, அமெரிக்காவிலிருந்து 1780களின் தொடக்கத்திற் கிங்ஸ்டன் நகரை வந்தடைந்த ஜோர்ஜ் லைல் என்ற கறுப்பினப் போதகரே அங்கு பப்டிஸ்த சபையைத் தோற்றுவித்தார். இங்கிலாந்துப் பப்டிஸ்த சங்கத்தின் மிசனரிமார் வந்தது 1814 இலேயே. அரசியல் விடயங்களிற் தலையிடலாகாது என்ற கண்டிப்பான அறிவுறுத்தலுடன் வந்தவர்கள் அவர்கள். எனவே ஒரே சபைக் கூரையின் கீழ் இருவகை வாசிப்புக்கள் நிலவின: போதகர் மேடையிலிருந்து விளக்கியது ஒன்று, இரவுச் செபக்கூட்டத்தில் அடிமைகள் தமக்குள் விளக்கிக்கொண்டது பிறிதொன்று.

இரண்டாவது வாசிப்பின் தலைவராக விளங்கியவர் சாமுவேல் சார்ப். மொன்ரேகோ பே நகரில் அடிமையாயிருந்த அவர், பப்டிஸ்த சபையில் உதவிக்காரர் பதவி வகித்தவர், எழுத்தறிவுடையவர், வேதாகமத்தோடு பத்திரிகைகளையும் வாசித்தவர். ஒருவன் இரண்டு எசமான்களுக்கு ஊழியஞ்செய்ய இயலாது என்ற சுவிசேஷ வாக்கியமே அவரது போதனையின் மையமாயிருந்தது என்பர். செபக்கூட்டம் முடிந்தபின் நம்பிக்கைக்குரிய சிலர் மட்டும் தங்குவர். வேதாகமத்தின்மீது கைவைத்துச் சத்தியஞ் செய்வர். சத்தியத்தின் உள்ளடக்கம் எளியது: நத்தார் விடுமுறை கழிந்ததும் கூலி தரப்பட்டாலன்றி வேலைக்குத் திரும்புவதில்லை. கரும்பு அறுவடை தொடங்கும் பருவம் அதுவே. பிற்காலத் தொழிற்சங்கவாதிகள் பொது வேலைநிறுத்தம் என அழைத்ததை, தொழிற்சங்கம் என்ற சொல்லையே அறியாத மக்கள் செபக்கூட்டங்களின் மூலம் திட்டமிட்டனர். தலைமை தாங்கியோருட் பலர் அடிமைகளுள்ளே சற்று உயர்ந்த நிலையிலிருந்த தச்சர்களும், எமது தோட்டங்களிற் கங்காணிகள் வகித்த இடத்தை ஒத்த மேற்பார்வையாளர்களும் என்பது சமூகவியலாளரின் கவனத்துக்குரியது.

இவ்வெழுச்சியை ஊக்கியதில் ஒரு வதந்திக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் அரசர் தமக்கு விடுதலை வழங்கிவிட்டார், அவ்விடுதலைப் பத்திரத்தைத் தோட்டத்துரைமார் மறைத்துவைத்துள்ளனர் என்று அடிமைகள் நம்பினர். 1831 டிசெம்பர் 27 ஆந் தேதி புதிய தேவாலயமொன்றின் திறப்புக்கு வந்திருந்த அடிமைகளிடம் மிசனரியான வில்லியம் நிப், அத்தகைய பத்திரம் எதுவும் வரவில்லை, வேலைக்குத் திரும்புங்கள் என எடுத்துரைத்தார். அவர் கூறியது உண்மை. கேட்டோர் சினங்கொண்டனர். அன்றிரவே கென்சிங்டன் தோட்டத்தில் தீ மூண்டது.

பொய்ச் செய்தியின்மீது கட்டப்பட்ட நம்பிக்கை நம்பிக்கையாகுமா? எமது கருத்தில் இக்கட்டுரையின் முக்கிய வினா இதுவே. செய்தி என்ற அளவில் வதந்தி பொய்யானது என்பதில் ஐயமில்லை. அதனை நம்பியோர் பலர் உயிரிழந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் அவ்வதந்தியின் அமைப்பை நோக்குக: விடுதலை எமக்கு ஏற்கெனவே உரியது, அது எமது கைக்கு வராமற் தடுக்கப்பட்டுள்ளது. லூக்கா சுவிசேஷத்தில் நாம் முன்னர் கண்ட நிகழ்கால - எதிர்கால இடைவெளியின் வடிவமே இதுவன்றோ? விடுதலையை எசமான் கருணையோடு அளிக்கவுள்ள கொடையாக அவர்கள் கருதவில்லை. தம்மிடமிருந்து களவாடப்பட்ட பங்காகக் கருதினர். கொடைக்குக் காத்திருக்கலாம். களவாடப்பட்டதற்காகக் காத்திருப்பார் இல்லை. நிப் தகவலைத் திருத்தினார். அத்தகவலினூடு பேசிய உரிமையுணர்வை அவர் அன்று செவிமடுத்தாரல்லர்.

எழுச்சி சில வாரங்களுள் அடக்கப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் அடிமைகள் வாழ்ந்த அத்தீவில் அறுபதினாயிரம் பேர்வரை இதிற் பங்குபற்றினர் எனக் கணிக்கப்படுகின்றது. வெள்ளையருட் கொல்லப்பட்டோர் 14 பேர். விசாரணை என்ற பெயரால் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் மாண்ட அடிமைகளோ 300க்கும் மேற்பட்டோர். 1832 மே 23 இற் சார்ப் தூக்கிலிடப்பட்டார். அரசு ஆதரவு பெற்ற ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர் ஒருவரது முன்னெடுப்பில் தோட்ட உரிமையாளரின் சங்கமொன்று உருவாகி, பப்டிஸ்த, மெதடிஸ்த தேவாலயங்களை இடித்துத் தகர்த்தது. இடித்தவர்களும் கிறிஸ்தவர்களே. கிறிஸ்தவம் அடிமைகளை விடுவித்தது எனப் பொதுப்படக் கூறி மகிழ்வோர் இதனை மறந்துவிடலாகாது.

சிறைப்பட்டு மீண்ட நிப், நடுநிலைமை இனி இயலாதெனக் கண்டு இங்கிலாந்து சென்றார். பாராளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியமளித்தார். அடிமைகள் ஆசிரியராக, மிசனரி மாணவனாக மாறிய தருணமாக இதனைக் கொள்ளலாம். 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கரும்புப் பொருளாதாரத்தின் சரிவே இச்சட்டத்தின் அடிப்படைக் காரணம் என எரிக் வில்லியம்ஸ் 1944 இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலில் வாதிட்டார். அவ்வாதத்தைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர். அதனை ஏற்றுக்கொண்டாலும், இலண்டன் ஏன் இணங்கியது என்பதையே அது விளக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் ஏன் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தனர் என்பதை விளக்காது.

சட்டம் தந்த விடுதலை அரைகுறையானது. 2 கோடி பவுண் நட்டஈடு எசமானருக்கே வழங்கப்பட்டது; அடிமைகளுக்கு ஒரு சதமேனுமில்லை. தொழில் பயிலுநர் என்ற புதுப்பெயருடன் மேலும் நான்காண்டுகள் கூலியின்றி உழைக்கவேண்டியதாயிற்று. 1838 யூலை 31 நள்ளிரவில், பல்மத் நகரில் நிப்பின் சபையார் சவுக்கு, சங்கிலி, கழுத்து வளையம் ஆகியவற்றைச் சவப்பெட்டியில் வைத்து, முறைப்படி அடக்கஞ் செய்தனர். மறுநாட் காலையில் எழுந்த பிரச்சினை உறைவிடம் பற்றியது. குடிசைகளுக்கு வாடகை கேட்டுத் துரைமார் நெருக்கினர். கேட்டபடி உழைக்காதோரை வெளியேற்றினர். பப்டிஸ்த சபைகள் இடைநின்று நிலம் வாங்கிப் பகிர்ந்தளிக்க, 'சுதந்திரக் கிராமங்கள்' எழுந்தன. அவற்றுள் முதலாவதான சிலைகோவில் 1835 இலேயே தோன்றிவிட்டது. பழைய ஏற்பாட்டின் ஆசீர்வாதம் என்ற சொல் தன் தொடக்கப் பொருளை அங்கு மீளப் பெற்றது: ஒரு துண்டு நிலம், ஒரு வீடு, தானே விளைத்துத் தானே உண்ணும் கிழங்கு.

எமக்கு மிக அண்மையான கிளைக்கதையொன்றும் இங்குண்டு. விடுதலை பெற்றோர் தோட்டங்களை நீங்க, யமேக்காவின் கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. அங்கு பயிர்ச்செய்கை முறையைக் கற்ற ஆர். பி. டைட்லர் 1837 இல் அதனை இலங்கைக்குக் கொண்டுவந்தார். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் நடந்துவந்தனர்.

யமேக்காவிலும் துன்பம் ஓய்ந்துவிடவில்லை. 1865 இல், வறட்சியும் கூலிக்குறைவும் வாட்டிய வேளையில், சென்ற் ஆன் பகுதி ஏழை மக்கள் பயிரிட முடிக்குரிய நிலம் கேட்டு விக்டோரியா மகாராணிக்கு மனுச்செய்தனர். இடைவிடாது கூலிக்கு உழைப்பதே முன்னேற்றத்துக்கு வழி என விடை வந்தது. 'மகாராணியின் அறிவுரை' எனத் தலைப்பிட்டு, ஆளுநர் அதனை ஆயிரக்கணக்கிற் பிரதிசெய்து தீவெங்கும் பரப்பினார். தேவாலயங்களில் வாசிக்குமாறும் பணிக்கப்பட்டது. பப்டிஸ்த போதகர் சிலர் வாசிக்க மறுத்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் மொறன்ற் பே நீதிமன்றத்தை நோக்கி மக்களைத் திரட்டிச் சென்ற போல் போகிளும், சார்ப்பைப் போலவே, பப்டிஸ்த சபையொன்றின் உதவிக்காரர்தாம். அவரைத் தூக்கிலிட்ட அரசு, அவரது ஊரான ஸ்ரோனி கட்டை அழித்தபோது அங்கிருந்த சிறு தேவாலயத்தையும் விட்டுவைக்கவில்லை.