ஓய்வு நாளும் ஓடும் நீரும்

உழைப்பின் அருமையை உழைப்பவனே அறிவான். ஓய்வின் அருமையையும் அவனே அறிவான். ஆயினும், வாரந்தோறும் இரண்டு நாள் ஓய்வென்பது உலகில் நெடுங்காலமாக வழங்கிவந்த வழக்கமன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஹென்றி போர்டு என்னும் மோட்டார் முதலாளி 1926ஆம் ஆண்டில் தம் தொழிற்சாலைகளில் வாரத்திற்கு ஐந்து நாள் வேலை என்னும் முறையைக் கைக்கொண்டார். 1938இல் அந்நாட்டுச் சட்டசபை இயற்றிய தொழிற்சட்டத்தின் பயனாக, 1940 முதல் வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரைப் பங்கு கூலி கொடுக்கவேண்டுவதாயிற்று. இவ்வாறு சனியும் ஞாயிறும் தொழிலாளியின் கைக்கு வந்தன. மோட்டார் வண்டியும் அவன் வீட்டு வாயிலுக்கு வந்தது. கையில் இரண்டு நாளும், வாயிலில் ஒரு வண்டியும் உடைய குடும்பம் வீட்டில் அடங்கியிருக்குமோ? செல்வர் கப்பலேறிக் கடலுலா சென்றனர். ஏனையோர் அருகிலுள்ள மலையையும் ஆற்றையும் நாடினர்.

அங்ஙனம் ஆற்றை நாடிச் செல்வோர் மேற்கொள்ளும் விளையாட்டுக்களுள் ஒன்று, காற்றடைத்த ரப்பர் வளையத்தில் அமர்ந்து நீரோட்டத்தோடு மிதந்து செல்லுதல். அதற்குப் பேர்பெற்ற ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, அவ்விளையாட்டின் இயல்பையும், அதன் பின்னே மறைந்து நிற்கும் சில செய்திகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டெக்ஸாஸ் மாகாணத்தில், சான் அன்டோனியோ என்னும் பெருநகரத்திற்கு வடகிழக்கே நியூ பிரௌன்பெல்ஸ் என்னும் ஊர் இருக்கின்றது. ஜெர்மனி தேசத்திலிருந்து குடியேறியவர்கள் 1845இல் அதனை நிறுவினர். அவர்கள் அவ்விடத்தைத் தெரிந்துகொண்டதற்கு முக்கிய காரணம் அங்குள்ள ஊற்றுக்களே. மலைச்சரிவின் அடியில், சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களினின்றும் பளிங்கு போன்ற நீர் இடையறாது சுரக்கின்றது. அந்நீரே காமல் என்னும் ஆறாகி, ஊரெல்லைக்குள்ளாகவே ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரம் ஓடி, குவாடலூப் என்னும் பேராற்றிற் கலந்துவிடுகின்றது. பிறந்த ஊரிலேயே முடிந்துபோகும் சிற்றாறு அது. ஆயினும் அதன் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய 23 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையிலேயே இருக்கும். வெளியே வெயில் தகிக்கும் நாளில் அந்நீரில் இறங்குவோர்க்கு உண்டாகும் இன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ!

மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை, வார இறுதி தோறும் அவ்வூர்க்கு ஜனங்கள் திரள்திரளாக வருகின்றனர். முற்காலத்தில் மோட்டார்ச் சக்கரத்தின் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் டியூபே அவர்களுக்குத் தெப்பமாயிற்று. பின்னர் உட்டியூப் இல்லாத டயர்கள் வழக்கத்திற்கு வந்தமையால், இதற்கென்றே செய்யப்பட்ட வளையங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் ஆற்றோரத்தில் உண்டு. கடைக்காரரின் பஸ் மிதப்பவர்களுக்கும் அவர்கள் விட்டுவந்த வண்டிக்கும் இடையே போக்குவரத்துச் செய்துகொண்டிருக்கும். தந்தை ஒரு வளையத்தில், தாய் ஒரு வளையத்தில், பிள்ளைகள் தத்தமக்குரிய வளையங்களில் அமர்ந்திருக்க, பனிக்கட்டியும் தின்பண்டமும் நிறைந்த பெட்டிக்கும் ஒரு தனி வளையம் வாடகைக்கு எடுக்கப்படும்! வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு குளத்தில் நீந்தப் பழகிய நம் கிராமச் சிறுவர்க்கு இவ்விளையாட்டின் சுவையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வளையம் மிதப்பதன் காரணத்தை நம் பௌதிக மாணவர்கள் எளிதிற் கூறுவர். குறுக்களவு ஒரு மீட்டரும், குழாயின் பருமன் 30 சென்டிமீட்டரும் உள்ள வளையம் ஒன்று ஏறக்குறைய 150 லிட்டர் காற்றைக் கொள்ளும். அது முழுதும் அமிழ்ந்தால் 150 கிலோ எடையுள்ள நீரை விலக்கவேண்டும். ஆதலால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் அமர்ந்தால் வளையத்திற் பாதிகூட நீரில் அமிழ்வதில்லை. ஆனால் மிதப்பது வேறு, போகும் வழியை ஆளுவது வேறு. படகிற்குச் சுக்கான் உண்டு; வளையத்திற்கு அது இல்லை. நீர் செல்லுமிடமே அது செல்லுமிடம்.

நீர் எவ்விடத்திற்குச் செல்லும்? ஆறு வளையுமிடத்தில் மேல்நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படும். அங்கேதான் வேகம் மிகுதி. அங்கேதான் கரை அரிக்கப்பட்டு மரங்கள் சாய்ந்து கிடக்கும். கிளைகளினூடே நீர் புகுந்து போய்விடும்; மனிதன் போக மாட்டான். சல்லடையில் அகப்பட்ட பொருள்போல அவன் அங்கே அழுத்தப்பட்டு நிற்பான். மேலும், நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்மடங்காகும். தாழ்ந்த அணைகளோ இன்னும் வஞ்சகமானவை. பார்வைக்குச் சிறு படிபோலத் தோன்றினும், அணையின் அடியில் வீழ்ந்த நீர் மேலெழுந்து மீண்டும் அணையை நோக்கியே சுழலும். அச்சுழலில் அகப்பட்டவர் வெளியேறுதல் அரிது. காமல் ஆற்றிலுள்ள பழைய அணை ஒன்றைச் சுற்றிச் செல்லும்படி, நகரத்தார் ஒரு சறுக்கு வாய்க்காலைக் கட்டியிருக்கின்றனர். அச்சமூட்டும் அவ்விடமே சிறுவர்க்கு மிகவும் விருப்பமான இடமாகிவிட்டது.

இனி, இவ்விளையாட்டின் பின்னே மறைந்துள்ள செய்திக்கு வருவோம். அந்த ஊற்று நீர் எங்கிருந்து வருகின்றது? மேற்கேயுள்ள மேட்டு நிலத்திற் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில் இறங்கி, எட்வர்ட்ஸ் என்று பெயர் வழங்கும் நிலத்தடி நீர்த்தேக்கத்திற் சேர்ந்து, நெடுந்தூரம் பூமிக்குள்ளே நடந்து இவ்வூற்றுக்களில் வெளிப்படுகின்றது. அதே தேக்கத்தினின்றுதான் சான் அன்டோனியோ நகரம் தன் குடிநீரை மிகுதியும் இறைத்துக்கொள்கின்றது. சுற்றியுள்ள உழவர்களும் அதனையே இறைக்கின்றனர். தன் நிலத்தின் கீழுள்ள நீரை நிலத்துக்குரியவன் எவ்வளவு வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்று 1904இல் டெக்ஸாஸ் உயர்தர நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கிணறு என்னுடையது, ஆகையால் நீரும் என்னுடையது என்பதே அதன் கருத்து. கிணற்று நீரும் ஆற்று நீரும் ஒன்றே என்பதை அத்தீர்ப்புக் கருதவில்லை.

அதன் விளைவு 1956இல் வெளிப்பட்டது. பல ஆண்டுகளாக நீடித்த வறட்சியில் மழை குறைந்தது; இறைப்போ கூடியது. அவ்வாண்டின் கோடையில் காமல் ஊற்றுக்கள் நின்றுபோயின. ஏறக்குறைய ஐந்து மாதகாலம் அவை சுரக்கவில்லை. ஓடிய நீர் நின்றது. ஆற்றில் வாழ்ந்த விரலளவேயுள்ள ஒருவகை மீன் அவ்வாற்றினின்றும் அடியோடு அழிந்தது. மழை மீண்டபின் ஊற்றுக்கள் மீண்டன, மீன் மீளவில்லை. 1970களில், அருகிலுள்ள சான் மார்க்கோஸ் ஆற்றிலிருந்து அம்மீனைக் கொணர்ந்து விடவேண்டியதாயிற்று.

அச்சிறு மீனே பின்னர் ஆற்றைக் காக்கும் கருவியாயிற்று. அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டத்தைத் துணையாகக் கொண்டு சியரா சங்கத்தார் 1991இல் வழக்குத் தொடுத்தனர். 1993இல் தீர்ப்பு அவர்கள் பக்கமாயிற்று. அவ்வாண்டிலேயே மாகாணச் சட்டசபை, நிலத்தடி நீரை இறைப்பதற்கு வரம்பு கட்டும் அதிகாரத்தையுடைய ஒரு நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. இப்பொழுது குறிப்பிட்ட கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஊற்றுக்களின் ஓட்டத்தையும் அளந்து, அவை தாழத் தாழ, இறைப்பைப் படிப்படியாகக் குறைக்கும்படி அவ்வமைப்பினர் கட்டளையிடுகின்றனர். வளையத்தில் அமர்ந்து வானத்தைப் பார்த்துச் செல்லும் சிறுவன், நெடுந்தொலைவில் ஓர் உழவன் இறைக்காது விட்ட நீரின்மேல் மிதக்கின்றான் என்பதை அறியான். விளையாட்டுக்கு வேண்டிய நீரும், விளைச்சலுக்கு வேண்டிய நீரும், தாகத்திற்கு வேண்டிய நீரும் ஒரே தேக்கத்தின் நீரேயாதலால், ஒருவர் இன்பம் மற்றொருவர் அடக்கத்தின்மேல் நிற்கின்றது.

உல்லாசத்திற்கு வந்தவர்களாலும் ஆற்றுக்குக் கேடு உண்டாயிற்று. அவர்கள் எறிந்த தகரக் குவளைகளும் பிளாஸ்டிக் பாத்திரங்களும் ஆற்றின் அடியிற் குவிந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலங்களை ஆற்றில் கொண்டுசெல்லலாகாது என்னும் விதியை 2011இல் அந்நகர வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டனர். அவ்விதிக்கெதிராக வழக்கு எழுந்து, சிலகாலம் அது தடைப்பட்டிருந்து, 2017இல் மேல்முறையீட்டில் நகரத்தார்க்கே வெற்றி கிடைத்தது.

நீர் இல்லாமை ஒரு துன்பமானால், நீர் மிகுதல் அதனினும் பெருந்துன்பம். குவாடலூப் ஆறு பாயும் மலைநாட்டில் மண் மெல்லியது, அதன் கீழே கடும்பாறை, சரிவோ செங்குத்து. மெக்ஸிகோ வளைகுடாவினின்று வரும் ஈரக்காற்று அங்கே பெருமழையாகக் கொட்டினால், உறிஞ்சிக்கொள்ள மண்ணில்லாமையால் நீர் முழுதும் ஒரே காலத்தில் ஆற்றில் இறங்கும். வெள்ளத்தைத் தடுக்கும்பொருட்டு 1964இல் கட்டி முடிக்கப்பட்ட கான்யன் அணையையும் விஞ்சி, 2002ஆம் ஆண்டு ஜூலையில் வெள்ளம் வழிந்தோடி, சில நாட்களுக்குள் பாறையைப் பிளந்து ஒரு பள்ளத்தாக்கையே உண்டாக்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, சுதந்திரதின விடுமுறையின்போது, அணைக்கு மேற்பக்கத்திலுள்ள கெர் வட்டாரத்தில், விடியற்காலை இருளில், ஆறு ஒரு மணி நேரத்திற்குள் 20 அடிக்கு மேல் உயர்ந்தது. விடுமுறை முகாமொன்றில் உறங்கிக்கொண்டிருந்த சிறுமியர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்பம் நாடி வந்த குடும்பங்கள் பல, வந்தபடி வீடு திரும்பவில்லை. நீரருகே ஒரு நாள் இருந்து மகிழ்தல் வேறு, நீரின் குணமறியாது அதனருகே உறங்குதல் வேறு என்பதை அந்நாள் உலகத்திற்கு உணர்த்திற்று.

ஆதலின், ஆற்றில் விளையாட விரும்புவோர் சில விதிகளை மனத்திற்கொள்ளுதல் நலம். முதலாவது, தாங்கள் நிற்குமிடத்து வானத்தை மட்டும் பாராமல், ஆற்றின் மேற்பகுதியிற் பெய்த மழையையும் விசாரித்தறியவேண்டும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் வெள்ளத்தின் தூதுவர். அவற்றைக் கண்டவுடன் உயரமான இடத்தை நாடவேண்டும். இரண்டாவது, வளையம் உயிர்காக்கும் கருவியன்று; சிறுவர்க்கும் நீச்சல் அறியாதார்க்கும் மிதவைச் சட்டை இன்றியமையாதது. மூன்றாவது, விரைந்தோடும் நீரில் வீழ்ந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. பாறையிடுக்கிற் கால் அகப்பட்டால், நீர் அவரை முன்னே கவிழ்த்துவிடும். மல்லாந்து கிடந்து, பாதங்களை நீர் செல்லும் திசையில் நீட்டி, வேகம் குறைந்த இடத்திற் கரையேறவேண்டும். நான்காவது, மது அருந்தி ஆற்றில் இறங்குதல் அறிவுடைமையாகாது. ஐந்தாவது, முழங்காலளவுகூட வராத நீரும் விரைந்தோடினால் ஆளை வீழ்த்தும். இரண்டடி நீர் மோட்டார் வண்டியையும் கொண்டுபோகும்.

ஓய்வு நாள் தானே வந்ததன்று. பலர் உழைத்துப் போராடிப் பெற்றது. ஊற்று நீரும் இனித் தானே ஓடுவதன்று. பலர் அடக்கத்தினாலும் சட்டத்தின் காவலினாலும் ஓடுவது. கோடை விடுமுறையில் நம் மாணவ நண்பர்கள் உடன்பிறந்தாரோடு ஓராற்றங்கரையை அடையும்போது, அந்நீர் எங்கிருந்து வருகின்றது, யாருடைய வயலையும் கிணற்றையும் கடந்து வருகின்றது என்பதை ஒரு நிமிடம் எண்ணிப்பார்ப்பார்களாக. எண்ணியவர் அந்நீரைக் கெடுக்கவும் மாட்டார். அதன் வலிமையை இகழவும் மாட்டார். அவர்களுடைய இன்பமும் குறையாது. அவர்கள் சென்றபடியே வீடு திரும்புவார்கள்.