கன்ட்ரி மியூசிக் நைட்: புதுச்சேரியில் முதல் முறை கேட்கப் போறீங்களா?

வார இறுதிக்கு ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு வண்டியை விடுகிறவர்களின் பட்டியலில் கடற்கரை, காபி, பிரெஞ்சு வீதிகள் எல்லாம் இருக்கும். ராத்திரி சாப்பிடப் போன இடத்தில் யாராவது கிடாரோடு பாடிக்கொண்டிருந்தால் அது போனஸ். ஜான் டென்வரின் ‘கன்ட்ரி ரோட்ஸ்’ தொடங்கினால் எல்லா மேஜையும் சேர்ந்து பாடும். அடுத்து இன்னொரு பழைய கன்ட்ரி பாட்டு வந்தால்? பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். தெரியாத பாட்டு, தெரியாத ஊர்க் கதை. ஆனால், கொஞ்சம் விவரம் தெரிந்தால் இது நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதி இல்லை.

யாருடைய பாட்டு இது?

அமெரிக்காவின் தென்பகுதி மலையோர விவசாயிகள், மில் தொழிலாளர்கள், ரயில்வே கூலிகள் பாடிய பாட்டு. 1927-ல் பிரிஸ்டல் என்ற சிறு நகரத்தில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் உள்ளூர்ப் பாடகர்களை அழைத்துப் பதிவு செய்தது. அங்கே பாடியவர்கள்தான் கார்ட்டர் குடும்பத்தினரும், ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ராட்ஜர்ஸும். இந்த இசை நாடு முழுக்கப் பரவ அந்தப் பதிவுகள் பெரிய காரணம். காசநோயால் ராட்ஜர்ஸ் 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 35.

ஊரை விட்டுப் பிழைக்கப் போனவன், திரும்ப முடியாதவன், காத்திருக்கும் அம்மா, கடன், குடி, பிரிவு... பழைய கன்ட்ரி பாட்டுகளில் பெரும்பாலும் இவைதான் விஷயம். புதுச்சேரிக்கு இது புதுசா என்ன? ரீயூனியன் தீவுக்கும் சைகோனுக்கும் கப்பலேறிப் போனவர்களின் கதை இந்த ஊருக்கே உரியது.

‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1971-ல் வெளியான அந்தப் பாட்டை ஜான் டென்வரோடு சேர்ந்து எழுதிய தம்பதி, அதை எழுதத் தொடங்கியபோது மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனதே இல்லை. இருந்தும் 2014-ல் அது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடல்களில் ஒன்றானது.

நம் காதுக்குத் தெரிந்த சத்தங்கள்

• ஃபிடில்: வேறொன்றுமில்லை, வயலின்தான். வாசிக்கும் முறை வேறு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று கர்னாடக இசைக்குக் கொண்டுவந்த அதே வாத்தியம்.

• ஸ்டீல் கிடார்: ஹவாய் தீவுகளிலிருந்து வந்தது. தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த இழுவை உடனே பிடிபடும்.

• பேஞ்சோ: அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. ‘இது வெள்ளைக்காரர் இசை’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

• யோட்லிங்: குரலைச் சட்டென மேலே உடைத்து இறக்குவது. ராட்ஜர்ஸின் அடையாளமே இதுதான். நமக்கு இதைத் திரையில் காட்டியவர் தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே.பி.சந்திரபாபு.

எப்படிக் கேட்பது?

பல பாட்டுகளில் மூன்றே கார்டுகள்தான். மெட்டு முதல் சுற்றிலேயே பிடிபட்டுவிடும். அதன்பின் காது வார்த்தைகளுக்குப் போகட்டும். கதை மெதுவாக நகர்ந்து கடைசிச் சரணத்தில்தான் பெரும்பாலும் திரும்பும். நடுவில் பேசினால் போவது அந்தக் கடைசிச் சரணம்தான். சத்தமான பேண்டு என்றால் பேச்சையும் மீறிக் கேட்கும். ஒரு கிடார், ஒரு குரல் என்றால் தாங்காது.

அதனால் முடிந்தவரை மேடைக்குப் பக்கத்து மேஜையைக் கேளுங்கள். பிடித்த பாட்டு வேண்டுமென்றால் இரண்டு பாட்டுக்கு நடுவே போய்ச் சொல்லலாம், பாடும்போது கத்த வேண்டாம். டிப்ஸ் பெட்டி வைத்திருந்தால் அது பாடுகிறவருக்கு. சாப்பாட்டு பில்லில் சேராது.

எப்போ போகலாம்?

‘கன்ட்ரி நைட்’ என்று போஸ்டர் போட்டால்தான் என்று காத்திருக்க வேண்டாம். கிடாரோடு பாடும் எந்த மாலையிலும் இரண்டு பழைய பாட்டு கேட்டு வாங்கலாம். ஜூன் 21 நல்ல நாள். 1982-ல் பிரான்ஸில் தொடங்கிய இசைத் திருவிழா அன்று நடக்கும். தொழில்முறைக் கலைஞரும் கற்றுக்குட்டியும் கட்டணமில்லாமல் பாடுவதுதான் அதன் அடிப்படை. 1889 முதல் இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரியில் இதைக் கொண்டாடுகிறது.

சீக்கிரம் கிளம்புங்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மொட்டை மாடி, தோட்டம் என்றால் பத்துக்கு முடிந்துவிடும். மாலையில் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். குடிப்பதாக இருந்தால் வண்டியைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும். பாடகருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஸ்பீக்கரில் ஓடும் பிளேலிஸ்ட்டுக்கு அந்தச் செலவு இல்லை. மேஜைகள் நிரம்பியும் யாரும் கேட்கவில்லை என்றால், கடைக்காரர் எதை நிறுத்துவார் என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகாது. பாட்டு பிடித்திருந்தால் கிளம்பும்போது பாடியவரிடமும் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.