ஷேர் செய்த ஃபோல்டர் திறக்கவில்லையா?

அலுவலகக் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸ் பயன்படுத்தும் நெறிமுறை எஸ்எம்பி. ஷேர் செய்த ஃபோல்டர் ஒன்று திறக்க மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். கோப்பு இருக்கும் கணினியை எட்ட வேண்டும். கேட்பவர் யார் என்பது உறுதியாக வேண்டும். அவருக்கு அந்த ஃபோல்டரில் அனுமதி இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் தடை என்பதைப் பிழைச் செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும். எண் 53 என்றால் கணினியை எட்டவில்லை. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 என்றால் அனுமதி இல்லை.

முதல் கட்டத்தில் கேபிள், வைஃபை, ஐபி முகவரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கணினியின் பெயரைக் கொடுத்தால் திறக்காத ஃபோல்டர் ஐபி முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான் கோளாறு. இரண்டிலும் திறக்காவிட்டால், கோப்பு உள்ள கணினியின் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று அமைந்திருக்கிறதா, ஃபயர்வால் எஸ்எம்பிக்குரிய 445-ஆம் போர்ட்டை மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் அடிக்கடி தொல்லை தருவது பழைய கடவுச்சொல். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதே தங்கியிருக்கலாம். அதை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுத்தால் போதும். பிழை எண் 1219 என்றால், அதே சர்வருடன் வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. அதைத் துண்டிக்க வேண்டும். கடவுச்சொல் கேட்காத பழைய நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளும் சிக்கல் தரும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இன் ப்ரோ பதிப்பு, இப்படிக் கடவுச்சொல் இல்லாமல் நுழையும் விருந்தினர் இணைப்பை இயல்பாக ஏற்பதில்லை. பெட்டியில் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குவதே சரியான தீர்வு.

மூன்றாம் கட்டத்தில் அனுமதி இரண்டு அடுக்குகளில் இருக்கிறது. ஒன்று ஷேர் அனுமதி. மற்றொன்று என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையின் அனுமதி. இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். ஷேரில் எழுதும் உரிமை இருந்தும் என்டிஎஃப்எஸ்ஸில் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால், படிக்கத்தான் முடியும். ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்திருந்தால், அவர் லாக் ஆஃப் செய்து மீண்டும் உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

அவசரத்தில் 'எவ்ரிஒன்' குழுவுக்கு முழு உரிமை கொடுப்பதும், பழைய எஸ்எம்பி 1-ஐ மீண்டும் இயக்குவதும் ஆபத்தானவை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்னும் தீநிரல், எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. எல்லோரும் எழுதக்கூடிய ஃபோல்டரில், ஒரே ஒரு கணினி தொற்றுக்கு ஆளானாலும் அலுவலகத்தின் கோப்புகள் முழுவதும் பூட்டப்படலாம். எனவே தேவையானவருக்குத் தேவையான உரிமையை மட்டும் தர வேண்டும். சோதனைக்காக ஃபயர்வாலை நிறுத்தியிருந்தால், சோதனை முடிந்ததும் மீண்டும் இயக்கிவிட வேண்டும்.