உஷார்! வேனுக்குள் தூங்குகிறவர்களே, இன்று ராத்திரி கதவைச் சாத்தும் முன்…

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவரா நீங்கள்? கிரிவலத்துக்கு வந்து, ரூம் கிடைக்காமல், வண்டியிலேயே படுத்து எழுந்து போகிறவரா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

மூடிய வண்டிக்குள் எது எரிந்தாலும் ஆபத்து. அடுப்பு, கரி, ஜெனரேட்டர், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின். எதுவானாலும்!

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். வருண லிங்கத்தைத் தாண்டி நடந்தால், மலைக்குப் பின்புறமாக வருவது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இருக்கிற ஊர். டவுன் இரைச்சல் இல்லை, மலை கிட்டத்தில் இருக்கிறது, வண்டியை ஓரங்கட்ட இடமும் கிடைக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் வேன்கள் வருகின்றன. ஆந்திரா வண்டி, கர்நாடகா வண்டி, எப்போதாவது ஒன்று ஐரோப்பாவிலிருந்து தரைவழியாகவே வந்து சேர்ந்த வண்டி. எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு முழுக் குடித்தனம். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுப் பிளைவுட் கட்டில். கட்டிலுக்கு அடியில் அரிசி டப்பா. பின்கதவு ஓரமாக அடுப்பு, அதை ஒட்டி சிலிண்டர். கூரையில் சோலார் பலகை. ஜன்னலுக்கெல்லாம் தைத்துப் போட்ட திரை, கொசு வராமல் இருக்க இடுக்கில் திணித்த துணி.

அந்தத் துணியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்படி வந்த ஒரு தம்பதிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். ரிட்டயர் ஆனவர்கள். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேனில் கிளம்பியவர்கள். ஐப்பசி மழை ராத்திரி, நல்ல குளிர். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. சாயங்காலம் வெளியே சமைத்த கரி இரும்புச் சட்டியில் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. புகை இல்லை. கதகதப்பாக இருக்குமே என்று சட்டியைத் தூக்கி உள்ளே, கட்டில் ஓரமாக வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். நடு ராத்திரியில் அந்த அம்மாவுக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி. குமட்டல். வீட்டுக்காரர், “சாயங்காலம் தின்ன பஜ்ஜி ஒத்துக்கல”ன்னு சொல்லி ஓம வாட்டர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் கை நடுங்கியிருக்கிறது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மறுபடி இருவரும் படுத்துவிட்டார்கள்!

வாந்தி எடுக்க வெளியே போகலாம் என்று அந்த அம்மா தட்டுத்தடுமாறிப் பக்கவாட்டுக் கதவை இழுத்தார். அதனால் மட்டும்தான் இருவரும் இன்று இருக்கிறார்கள். கதவு திறந்ததும் படியிலேயே சரிந்துவிட்டார். விடியற்காலையில் டீக்கடை திறக்க வந்தவர்கள் பார்த்து 108-க்கு போன் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பஜ்ஜியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “வண்டிக்குள்ள என்ன எரிஞ்சுது?” அதுதான் முதல் கேள்வி.

கார்பன் மோனாக்சைடு. கரியோ பெட்ரோலோ டீசலோ கேஸோ, போதுமான காற்று இல்லாமல் எரிந்தால் வருகிற வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவரை எழுப்பாது. தூக்கத்திலேயே மயக்கம், மயக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பெரிய கம்பெனி கட்டின சொகுசு கேரவன் என்றால் பயமில்லையா? இதைக் கேளுங்கள். 2024 டிசம்பர் 23. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்குப் பக்கத்தில் கரிம்பனப்பாலம். முந்தின ராத்திரியிலிருந்து ரோட்டோரமாக ஒரு கேரவன் நின்றுகொண்டே இருந்தது. சந்தேகப்பட்டுப் பார்த்தவர்கள் கண்டது இரண்டு உடல்கள். ஒருவர் வாசல் படியருகே, இன்னொருவர் உள்ளே. பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஏசியைப் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கப் படுத்தவர்கள். காலிகட் என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்திப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு 957 பங்கு. எட்டு மணி நேரச் சராசரி ஏறக்குறைய 9 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது எங்கே, 957 எங்கே!

ஒரே ஒரு ஓட்டை. ஒயர் இழுக்கப் போட்டதோ, துருப்பிடித்து விழுந்ததோ, உங்கள் வண்டித் தளத்தில் எத்தனை இருக்கின்றன என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் ஜெனரேட்டர் மட்டுமல்ல. பவுர்ணமிக்கும் தீபத்துக்கும் தற்காலிக வண்டி நிறுத்தங்களில் பஸ்ஸும் வேனும் இடிபடாத குறையாக நெருங்கி நிற்கும். டிரைவர் ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவார். அவர் வண்டிப் புகைக்குழாய் உங்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தால்? பின்பக்கம் மண்மேட்டிலோ சுவரிலோ முட்டுகிற மாதிரி நீங்கள் வண்டியை நிறுத்தினால் சொந்தப் புகையே திரும்பி வரும். படுக்கும் முன் இறங்கி ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். மலையைச் சுற்றுகிற கால்தானே, வண்டியைச் சுற்ற வலிக்காது.

அறிகுறி என்ன? தலைவலிதான் முதலில். பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, காலில் பலமில்லாத மாதிரி ஒரு தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். அப்படியே சாப்பாடு ஒத்துக்கொள்ளாத மாதிரி இருக்கும், அல்லது நடந்த அலுப்பு மாதிரி. ராத்திரி முழுக்க கிரிவலம் வந்தவருக்குத் தலை சுற்றினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஒன்றைக் கவனியுங்கள். வண்டிக்குள் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? வெளியே இறங்கினால் தேவலை, உள்ளே வந்தால் மறுபடியுமா? கூட வந்த நாயோ பூனையோ முதலில் சுருண்டு படுத்துவிட்டதா? யோசிக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுங்கள். குழந்தையும் கர்ப்பிணியும் முதலில்.

கொரோனா நேரத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் பையில் இருக்கும். அதை விரலில் மாட்டி, 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று படுத்துவிடாதீர்கள்! சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் நல்ல எண்ணையே காட்டும். இது பலருக்குத் தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். முழு ஆக்சிஜன் கொடுப்பதுதான் வைத்தியம், அதுவும் சீக்கிரமாக.

கேஸ் சிலிண்டர் விஷயம் வேறு. அது கசிந்தால் நாற்றமாவது வரும். ஆனால் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவிக் கட்டிலுக்கு அடியில் தேங்கும். வீட்டில் சமையலறைக் கதவைத் திறந்தால் போய்விடும். வேனில் அடுப்புக்கும் தலையணைக்கும் நடுவே மூன்றடிகூட இல்லையே! மதுரையை மறந்துவிட்டோமா? 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் தங்கியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி மதுரையில் தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் கொண்டுவரவே கூடாத சிலிண்டர் உள்ளே இருந்தது. தீப்பிடித்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். ஓடுகிற வண்டிகூட இல்லை, நின்றுகொண்டிருந்த பெட்டி. அதுவும் கொஞ்ச நாளைக்கு அவர்களுக்கு வீடுதான்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மழை என்றால் ஒரு வேளை பன்னும் டீயும் போதும், ஒன்றும் குறைந்துவிடாது. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி ரப்பர் டியூப் வீட்டில் இருப்பதைவிடச் சீக்கிரம் தேயும், அதைத் தடவிப் பார்த்து மாற்றுங்கள். அடுப்பு வைக்க, கட்டில் போட என்று வண்டியின் அமைப்பையே மாற்றினவர்கள், ஆர்டிஓவில் அதை ஆர்சி புத்தகத்தில் ஏற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சும்மா இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

நிறுத்துகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மலை சாமிதான், கும்பிடுங்கள். மழை நேரத்தில் அதன் அடியில் மட்டும் படுக்காதீர்கள்! 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அண்ணாமலையார் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு பேர். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். சிமென்ட் வீடே தாங்கவில்லை, உங்கள் தகர வேன் எம்மாத்திரம்? தீபம் வருவதே கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை நடுவில். வெயில் காலத்தில் மெத்தென்று மணலாக, நிழலாகத் தெரிகிற பள்ளம் மழைக்கு ஓடையாகிவிடும். ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் வண்டியை நிறுத்தாதீர்கள். “இங்க தண்ணி வருமாண்ணா?” என்று கேட்டால் போதும், அடி அண்ணாமலையில் எந்தப் பெரியவரும் கையை நீட்டி வழியைக் காட்டிவிடுவார்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. லட்சக்கணக்கில் செலவு செய்து வேன் கட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆத்திரம். படுத்தால் தலை இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கேஸ் கசிவுக்கு வேறு அலாரம், அது தரையோரமாக. புகை அலாரம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், அது கார்பன் மோனாக்சைடுக்குக் கத்தாது. ஏசிக்குப் பதில் சோலாரில் ஓடும் சின்ன ஃபேன். எதிரெதிர் ஜன்னல் இரண்டும் நாலு விரல் அளவு திறந்து, கொசுவலை அடித்து. கொசுவத்திச் சுருளும் உள்ளே வேண்டாம், அதுவும் எரிகிற பொருள்தான்.

யாராவது உள்ளே மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் பதறி உள்ளே பாயாதீர்கள், நீங்களும் விழுவீர்கள். முதலில் எல்லாக் கதவையும் திறங்கள், கண்ணாடியை உடைத்தாலும் சரி. கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்சைத் தொடாமல் இறங்கி, தள்ளி நின்று 1906-ஐ அழையுங்கள். ஆள் மயங்கியிருந்தால் 108. இரண்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, கதவின் உட்பக்கம் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். வேனில் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்கக் கற்றுக்கொடுங்கள்.