கடைப் பாட்டில், வீட்டுப் பாட்டில்

காயலான் கடையில் கண்ணாடிக்கு இரண்டே கணக்குதான். உடைந்தது எடைக்குப் போகும். முழுசாக இருந்து, கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக் கழுவி நிரப்புகிற ரகமென்றால் எண்ணிக்கைக்குப் போகும். புதுச்சேரிப் பக்கம் பண்டசோழநல்லூரில் பழைய இரும்பும் பேப்பரும் எடுத்துப் பிழைக்கிற என்னிடம், இந்த இரண்டு கணக்கிலும் சேராத பாட்டில் எப்போதாவது வரும். அதற்கு விலை சொல்லத் தராசு உதவாது. அதை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்குவது ஒரு வகை. கிணறு தூர் வாரும்போது சேற்றோடு மேலே வருவது இன்னொரு வகை. எங்கள் நெட்டப்பாக்கம் பக்கமெல்லாம் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களைச் 'சொல்தா' என்று சொல்வோம். அவர்கள் வீட்டில் ஒயின் பாட்டிலுக்குப் பஞ்சமிருந்ததில்லை. அடி உள்வாங்கிய, கனத்த பச்சை பாட்டில். ஒயின் தீர்ந்ததும் பாட்டிலைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், கடைசியில் மண்ணெண்ணெய் என்று அது மூன்று தலைமுறைக்கு உழைக்கும். ஒரு ஆயா அப்படியொன்றைக் கொண்டுவந்து, "கழுவித்தான் எடுத்தாந்தேன், ஆனா எண்ணெ வாசன போவலப்பா" என்றார். அந்த வாசனை இன்னும் போகவில்லை. போக்க நானும் முயலவில்லை.

எங்கள் தொழிலில் எல்லோரும் தேடுவது கோலி சோடா பாட்டில். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிரம் காட் என்ற பொறியாளர் 1872-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைக் கவிழ்த்து சோடாவை அடைப்பார்கள். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பரோடு இறுக்கிவிடும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். கட்டைவிரலால் கோலியை அழுத்தி உடைத்தால் 'புஸ்'. குடிக்கும்போது கோலி உருண்டுவந்து வாயை அடைக்காமல் நிற்கக் கழுத்தில் இரண்டு கிள்ளல் இருக்கும். 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மேல்நாட்டில் கோலி பாட்டில் மெல்ல ஓய்ந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பானத்தில் நிலைத்தது. நம்மூரிலோ பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை ஓடியது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போல உள்ளூர் சோடா கம்பெனிகள் வளர்ந்த காலம் அது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு வணிகர்கள் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று அறிவித்தபோது, கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்தது.

இத்தனை புழங்கிய பாட்டில் ஏன் அரிதானது? கோலிக்காகப் பையன்கள் உடைத்தது ஒரு பங்கு. தெருச் சண்டையில் பறந்து உடைந்தது இன்னொரு பங்கு. மிச்சத்தை எங்களைப் போன்ற கடைகள் எடைக்கு வாங்கி உலைக்கு அனுப்பிவிட்டன. வியாபாரியைத் திட்டுகிற சேகரிப்பாளர்களிடம் நான் சொல்வது இதுதான். பழைய பாட்டிலுக்குத் தனி விலை கிடைக்கும் என்று வியாபாரிக்குத் தெரிந்த அன்றிலிருந்துதான் அது உலைக்குத் தப்பியது. காசு ஆசையும் சில பொருளைக் காப்பாற்றியிருக்கிறது.

வயதைப் பார்க்கச் சில வழிகள் உண்டு. அச்சில் வார்த்த பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய வரி ஓடும். அது வாய் விளிம்பு வரை ஏறியிருந்தால் இயந்திரத்தில் செய்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது 1903 வாக்கில். அதன் பிறகுதான் அந்த வகை பரவியது. கழுத்தோடு வரி நின்று, வாய் தனியாக உருட்டி வைத்ததுபோல் இருந்தால் கைவேலை. இந்தக் கணக்கு கோலி பாட்டிலுக்குப் பொருந்தாது. கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயைக் கட்ட முடியும் என்பதால் பிற்காலத்திலும் அதில் கைவேலை இருந்தது. குமிழி இருந்தாலே பழசு என்று நம்பிவிடக் கூடாது. புதிதிலும் குமிழி வரும். வரிவரியாகப் புடைத்த நீல, பச்சை பாட்டில் கிடைத்தால் முகர்ந்து பார்க்காதீர்கள். இருட்டில் தடவினாலும் விஷம் என்று தெரியட்டும் என்றே அக்காலத்தில் அப்படிச் செய்தார்கள்.

சரி, வியாபாரி என்ன கணக்குப் போடுகிறார்? பாட்டில் வாங்கிய விலை முதல் செலவுதான். ஊறவைத்துக் கழுவ நாளாகும். அவசரப்பட்டுச் சுடுநீர் ஊற்றினால் விரிசல். மண்ணில் கிடந்த கண்ணாடிக்கு மங்கல் பிடித்திருந்தால் அது கழுவினாலும் போகாது, விலை பாதியாகும். வாயில் நகக்கண் அளவு சில்லு போயிருந்தாலும் அதே கதி. எல்லாம் சரியாக இருந்தாலும், அதையே தேடுகிற ஒருவர் வரும்வரை போட்ட காசு அலமாரியில் தூங்கும். புதுச்சேரியில் காந்தி வீதியில் கூடுகிற சண்டே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால், நாள் முழுக்க வெயிலில் நின்று, "சும்மா பாட்டிலுக்கா இந்த வெல?" என்ற கேள்வியோடு திரும்பவும் நேரும். சேர்த்து வைத்தால் பொன்னாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரசித்துச் சேர்ப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. சில்லு போயிருந்தாலும் பரவாயில்லை, அதில் தன் ஊர் சோடா கம்பெனியின் பெயர் புடைத்திருந்தால் போதும். சென்னையிலிருந்து ஒரு பையன் வந்தான். விலை உயர்ந்த நீலக் கோலி பாட்டிலை விட்டுவிட்டு, ஓரத்தில் கிடந்த மருந்துப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பவுண்டர் மிக்சர் ஊற்றிக் கொடுக்கும் வகை. வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கோடுகள் கண்ணாடியிலேயே இருந்தன. "எங்க தாத்தா கம்பவுண்டர் அண்ணே" என்றான். அவனிடம் நான் பேரம் பேசவில்லை.

வியாபாரி, ரசிகன் இருவரில் கெட்டவர் யார் என்று கேட்டால், இருவருமில்லை. பொய் சொல்பவர்தான் கெட்டவர். பழைய நிறமற்ற கண்ணாடி சிலவற்றில் மாங்கனீசு கலந்திருக்கும். பல ஆண்டு வெயில் பட்டால் அது இளஊதாவாக மாறும். அந்த நிறத்துக்கு மதிப்பு உண்டென்று, கதிர்வீச்சு காட்டிச் சீக்கிரமாக ஊதாவாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வார்த்த கோலி பாட்டிலைச் சேற்றில் புரட்டிப் பழசு என்பவர்களும் உண்டு.

எங்கே கிடைத்தது என்பதை மறைப்பதும் பொய்தான். அதன் விலை என்ன என்பதற்கு எங்கள் புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் தொல்லியல் இடம் அரிக்கமேடு. 1930-களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் காசு கொடுத்து வாங்கினார். அந்த இடத்தின் அருமை வெளியே தெரிய அது உதவியது. ஆனால் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அடுக்கடுக்காகத் தோண்டியபோதுதான் காலம் தெரிந்தது. வயது முன்பே தெரிந்த, இத்தாலிய அரெசோ ஊரின் சிவப்புப் பானை ஓடுகள் எந்த அடுக்கில் கிடந்தனவோ, அதே அடுக்கில் இருந்த நம்மூர்ப் பானைகளுக்கும் அவற்றால் வயது சொல்ல முடிந்தது. அந்த ஓட்டை ஒருவர் முன்பே எடுத்து விற்றிருந்தால் அது அழகான ஓடாக இருந்திருக்கும்; சாட்சியாக இருந்திருக்காது.

பழைய பொருளை விற்பதற்குச் சட்டமும் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள, 100 ஆண்டுக்குக் குறையாத பொருள் தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு பொருள் அதில் சேருமா என்று சந்தேகமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று வாங்கலாம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் என்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது அது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் மண்வெட்டி வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

என் வழக்கம் எளிது. பாட்டில் கைக்கு வந்ததுமே அது கடைக்கா, வீட்டுக்கா என்று முடிவு செய்துவிடுவேன். வீட்டுக்கு என்று வைத்ததற்கு யார் கேட்டாலும் விலை சொல்வதில்லை. ஒருமுறை சொன்னால் பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொகைதான் தெரியும். கடைக்கு என்று வைத்ததைப் பிரிய மனமில்லாமல் விலை ஏற்றுவதுமில்லை. அப்படிச் செய்தால் கடை வாடகை யார் கொடுப்பது?

இரண்டுக்கும் பொதுவாக ஒரு சீட்டு எழுதுவேன். எந்த ஊர், எந்த மாதிரி வீடு, கிணறா பரணா, உள்ளே என்ன வைத்திருந்தார்கள், எந்த வருடம் வந்தது. ஆரம்பத்தில் என் ஆசைக்காகத்தான் எழுதினேன். போகப்போக, தெரிந்து வாங்குகிறவர்கள் பாட்டிலைத் தூக்குவதற்கு முன்னால் சீட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள். சீட்டுள்ள பாட்டிலுக்கு இல்லாததைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். ரசிகனின் பழக்கம் வியாபாரிக்கும் காசு தருகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும், அது எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முதலில் எழுதி வையுங்கள்.