பெற்றோலும் மின்சாரமும்: நம் மலைப்பாதைக்குப் பிளக்-இன் ஹைபிரிட் ஒத்துவருமா?



கொட்டகலை பஸாரில் சிறு கடையொன்றை நடத்திவரும் எனது மச்சான் கடந்த மாதம் ஒரு யோசனை கேட்டு வந்தார். வேனை விற்று, கையிலுள்ள பணத்தையும் சேர்த்து, பாவித்த மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் ஒன்றை வாங்கலாமா என்பதே அவரது கேள்வி. "மச்சான், பத்து வருஷச் சேமிப்பு. பிழச்சா திரும்ப எடுக்க ஏலா" என்றார். கிதாபு ஓதிக் கொடுக்கும் மவ்லவிக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். பாகப்பிரிவினைக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்கினேன்.

சாதாரண ஹைபிரிட் வாகனத்தில் சிறிய பட்டரி ஒன்று உண்டு. என்ஜினும் பிரேக்கும்தான் அதனை நிரப்பும். பிளக்-இன் ஹைபிரிட்டின் பட்டரியோ பெரியது. வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிலும் அதனை நிரப்பலாம். 2013இல் ஜப்பானில் அறிமுகமான அவுட்லாண்டரின் பட்டரி 12 அலகு (கிலோவாட் மணி) கொள்ளும். முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார், அத்துடன் 2 லீற்றர் பெற்றோல் என்ஜின். முழு சார்ஜில் 60 கிலோ மீற்றர் ஓடும் என்பது ஜப்பானியப் பரிசோதனைக் கணக்கு. அது சமதரைக் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

நமது பாதையை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஆட்களுடன் இரண்டு தொன் நிறையுள்ள வாகனத்தை 600 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் மூன்று அலகுக்குச் சற்று அதிகமான சக்தி வேண்டும். பாதையில் உருண்டு செல்லும் செலவு வேறு. ஆகவே கொட்டகலையில் முழுதாக நிரப்பிப் புறப்பட்டாலும், நுவரெலியாவை எட்டும்போது பட்டரியில் பெரிதாக எதுவும் மிஞ்சியிராது. அந்தக் குளிரில் ஹீற்றரைப் போட்டால், மின் ஹீற்றர் பொருத்தப்படாத வண்டிகளில் என்ஜின் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். வாங்குமுன் இதைக் கேட்டறிவது அவசியம்.

திரும்பி வரும்போது கதை மாறுகிறது. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி, ஏறச் செலவான சக்தியில் ஒரு பகுதியை மீண்டும் பட்டரிக்குள் சேர்க்கிறது. ஸ்டியரிங் பக்கமுள்ள சிறு நெம்புகளால் அந்தப் பிடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இதனால் பெற்றோல் மிச்சமாவது ஒருபுறமிருக்க, பிரேக் சூடேறுவது குறைகிறது. எனக்கு இதுவே பெரிதாகப் பட்டது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் போயின. அந்த இறக்கம் எத்தகையது என்பதை இப்பகுதி வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. பட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்துச் சக்தியைச் சேர்த்துவைக்க இடமிராது. சுமை மீண்டும் பிரேக்கின் மீதும் என்ஜின் மீதும் விழும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை என்று கொழும்புப் பக்கம் இறங்குகிறவர் இரவு முழுக்க சார்ஜ் போட்டு நிறைத்துக்கொண்டு புறப்படுவது, நிரம்பிய குடத்தை மழையில் வைப்பது போலத்தான். கொஞ்சம் குறைவாகவே நிரப்பிச் செல்ல வேண்டும். சமதரை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அன்றாட ஓட்டத்துக்கு வருவோம். மச்சானின் வேலை ஹட்டனுக்குச் சாமான் எடுக்கப் போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, தலவாக்கலையில் உம்மாவைப் பார்த்து வருவது. பத்து, இருபது கிலோ மீற்றர் ஓட்டங்கள். இவற்றுக்குப் பெற்றோலே தேவைப்படாது எனலாம். ஆனால் தினமும் பிளக்கில் மாட்ட வேண்டும். 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வகை வாகனங்கள் வீதியில் வெளியிடும் புகை ஆய்வுகூடக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு அதிகம். முக்கிய காரணம், வாங்கியவர்கள் போதியளவு சார்ஜ் போடாமல் பெற்றோலிலேயே ஓட்டுவதுதான். சார்ஜ் போடாத பிளக்-இன் வாகனம் பாரமான பட்டரியைச் சும்மா சுமந்து திரியும் பெற்றோல் காரே.

மச்சானிடம் வாகனம் நிறுத்துவது எங்கே என்று கேட்டேன். வீடு கடைக்கு மேல்மாடி. வேன் நிற்பது எதிரே பாதையோரம். மாடி ஜன்னலால் வயர் இழுத்து, மழையில் நனையவிட்டு, ஐந்து மணித்தியாலம் பத்து அம்பியர் எடுப்பதா? இது விளையாட்டல்ல. பழைய கட்டடங்களின் வயரிங் இஸ்திரிப் பெட்டிக்கும் கேத்தலுக்கும் போட்டது. லயன் வீடுகளில் இருப்போரின் நிலையோ இன்னும் கஷ்டம்.

2022ஆம் ஆண்டையும் நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். பிளக் உள்ளவருக்கு அது வரப்பிரசாதம்தானே என்று மச்சான் சொன்னார். அதே வருடம் மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நான் நினைவுபடுத்தினேன். ஆனாலும் இரண்டு வழி உள்ளவர் ஒரு வழி உள்ளவரைவிடத் தாக்குப்பிடிப்பார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சியது பட்டரியின் வயது. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், சந்தையிலுள்ள அவுட்லாண்டர்களில் பல பத்து வருடத்தை அண்மித்தவை. பட்டரியின் கொள்ளளவைக் கருவி போட்டு அளக்கலாம். புதிதாக 40 அம்பியர் மணி என்று குறிக்கப்பட்டது. கிலோ மீற்றர் மீற்றரை நம்பாமல் அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள். பட்டரி மாற்றும் செலவு வாகன விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

மச்சான் இன்னும் வண்டி வாங்கவில்லை. கடைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலைத் துப்புரவாக்கி வாகனம் நிறுத்த இடம் செய்கிறார். மின்வேலை பாஸ் ஒருவர் வந்து, அங்கு தனி வயரும் எர்த்தும் இழுக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கெழுதிக் கொடுத்திருக்கிறார்.