ஒப்பனை நீக்கும் நீர்: வறண்ட சருமத்தினர் ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

ஒரு பொருளை வாங்குமுன் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் முகத்திற்கான பொருள்கள் என்று வரும்போது, குப்பியின் முகப்பில் அச்சிடப்பட்ட சொற்களே பெரும்பாலும் நம் தெரிவை முடிவு செய்துவிடுகின்றன. 'மென்மையானது', 'ஈரப்பதம் காப்பது', 'கழுவத் தேவையில்லை' ஆகிய மூன்றும் மைசெல்லார் நீர் விற்கும் நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் சொற்களே. எல்லாக் குப்பிகளிலும் காணப்படும் சொல், ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டாது. வட இந்தியக் குளிர்காலத்தைக் கடப்பவர்களும், நாள் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் பணிபுரிபவர்களும் எதைக் கொண்டு ஒப்பிடலாம் என்பதை இங்குக் காண்போம்.

செயல்படும் விதம்

மைசெல்லார் நீர் என்பது மிகக் குறைந்த அளவு அழுக்கு நீக்கி கலந்த நீர். அந்த அழுக்கு நீக்கியின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். நீரில் அவை குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது, எண்ணெயை நாடும் முனைகள் உள்நோக்கி அமையுமாறு நுண்ணிய உருண்டைகளாகத் திரள்கின்றன. இவையே மைசெல்கள். பஞ்சை முகத்தில் ஒற்றும்போது ஒப்பனையிலுள்ள எண்ணெயையும் மெழுகையும் இவை பற்றிக்கொள்கின்றன. 1990-களில் பிரான்சின் பயோடெர்மா நிறுவனம் இவ்வகை நீரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

நம் சருமத்தின் மேலடுக்கிலும் செராமைடு, கொழுப்பு அமிலம் போன்ற கொழுப்புகள் உள்ளன; ஈரம் வெளியேறாமல் காப்பவை அவையே. வறண்ட சருமத்தில் இந்தக் காப்பு முன்பே குறைந்திருக்கும். ஒப்பனையின் எண்ணெயைப் பற்றும் பொருள் இந்தக் கொழுப்பையும் ஓரளவு பற்றக்கூடும். பஞ்சின் உராய்வும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, குறைந்த தேய்ப்பில் ஒப்பனையை நீக்கி, சருமத்தில் குறைவான எச்சத்தை விட்டுச்செல்லும் நீரே வறண்ட சருமத்திற்கு ஏற்றது.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை

நம் நாட்டில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள்களில் மூலப்பொருள் பட்டியல் இடம்பெற வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவின் இறங்குவரிசையில் தரப்படுகின்றன. அப்பட்டியலில் மூன்றைக் கவனிப்போம்.

முதலாவது, நறுமணம். 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற சொல் இருந்தால், எளிதில் எரிச்சலடையும் சருமத்தினர் தவிர்ப்பது நலம். வறண்ட சருமத்துக்கு என்று முகப்பில் எழுதப்பட்ட குப்பியிலும் அது இருக்கக்கூடும்.

இரண்டாவது, ஆல்கஹால். 'ஆல்கஹால் டினாட்' பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் அந்த நீர் சருமத்தை உலர்த்தும். 'சீட்டைல் ஆல்கஹால்' என்பது வேறு. அது கொழுப்பு வகையைச் சேர்ந்தது, உலர்த்தாது.

மூன்றாவது, கிளிசரின். ஈரத்தை ஈர்த்து வைக்கும் இப்பொருள் பட்டியலின் முற்பகுதியில் இருப்பது சாதகமானது.

கடையில் காணும் வகைகள்

பயோடெர்மாவின் சென்சிபியோ வகை, நறுமணம் சேர்க்காத, மென்மையான அழுக்கு நீக்கி கொண்ட நீர். விலை சற்று அதிகம். கார்னியரின் இளஞ்சிவப்பு மூடியிட்ட தெளிந்த நீரும் நறுமணம் சேர்க்காததே, அதில் கிளிசரினும் உண்டு, விலை குறைவு. இவை இரண்டும் அன்றாட இலேசான ஒப்பனைக்குப் போதும். நீரில் கரையாத கண்மையும் நீடித்து நிற்கும் உதட்டுச் சாயமும் இவற்றால் எளிதில் அகலா. அவற்றுக்கு, எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக நிற்கும் வகையைக் குலுக்கிப் பயன்படுத்தினால் தேய்ப்பு குறையும். நிறுவனங்கள் கலவையை மாற்றக்கூடும் என்பதால், வாங்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பார்ப்பது அவசியம். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று.

உண்மையான விலை எது?

மில்லிலிட்டர் கணக்கில் விலையை ஒப்பிடுவது நல்ல தொடக்கம். ஆனால் அது மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு குப்பி 400 மி.லி., விலை 400 ரூபாய். மற்றொன்று 200 மி.லி., விலை 300 ரூபாய். முதலாவது மி.லி.க்கு 1 ரூபாய், இரண்டாவது 1.50 ரூபாய். முதலாவதில் ஓர் இரவுக்கு 8 மி.லி.யும் இரண்டாவதில் 4 மி.லி.யும் தேவைப்படுகிறது என்று கொள்வோம். அப்போது ஓர் இரவின் செலவு முறையே 8 ரூபாய், 6 ரூபாய். மலிவாகத் தோன்றிய குப்பியே கூடுதல் செலவையும் கூடுதல் தேய்ப்பையும் தருகிறது. எனவே முதன்முறை சிறிய குப்பியை வாங்கி, நமக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அறிந்தபின் பெரியதை வாங்கலாம். திறந்த மூடியின் படத்துடன் '6எம்' அல்லது '12எம்' என்ற குறி இருந்தால், திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பது பொருள்.

பயன்படுத்தும் முறை

புதிய குப்பியை முதலில் முன்கையின் உட்பகுதியில் சில நாள்கள் தடவிப் பார்ப்போம். கண்வில்லை அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். நனைத்த பஞ்சைக் கண்ணிமை மீது சில நொடிகள் அழுத்தி வைத்திருந்து, பின்னர் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். 'கழுவத் தேவையில்லை' என்று எழுதியிருந்தாலும், வறண்ட சருமத்தினர் வெதுவெதுப்பான நீரால் முகத்தைக் கழுவுவது நல்லது. தங்கிவிடும் அழுக்கு நீக்கி சருமத்தில் தொடர்ந்து செயல்படாமல் அது தடுக்கும். ஈரம் முழுவதும் உலருமுன் ஈரப்பதக் களிம்பைத் தடவிக்கொள்ளலாம். எரிச்சல், வெடிப்பு, சிவந்த தடிப்பு தொடர்ந்தால் குப்பியை மாற்றிக்கொண்டே இராமல் தோல் மருத்துவரை அணுகுவதே முறை.

இணையவழியில் வாங்குவோர், வந்த பொருளின் தயாரிப்புத் தேதி, தொகுதி எண், அதிகபட்ச விலை ஆகியவற்றைச் சரிபார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். குறை இருந்து விற்பனையாளர் தீர்வு தராவிடில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.